குழந்தைக்கு வீசிங்: எதிர்ப்புச் சக்தி குறைவா, அதிகமா?

பொருநைக்கரை (திருநெல்வேலி)

என் மகனுக்கு ஏழு வயது. சளி பிடித்தால் மற்ற குழந்தைகளுக்கு நாலைந்து நாள் மூக்கு ஒழுகி நின்றுவிடுகிறது. இவனுக்கு மறுநாளே நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிடும். விடியற்காலை இருமல் தனி. மழைக்காலத்தில் நெபுலைசர் வைக்காமல் தீர்வதில்லை. குழந்தை மருத்துவர் ஆஸ்துமா என்று உறுதி செய்து, காலையும் இரவும் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து புடிசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளணு 720, ஒவ்வாமை எதிர்ப்பொருளான ஐஜிஈ மொத்தம் 840.

மருந்துக் கடையில், "எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை, அதனால்தான் அடிக்கடி சளி" என்று ஒரு டானிக்கையும் சத்து மாவையும் நீட்டினார்கள். மருத்துவரோ, "இவனுடைய எதிர்ப்பு மண்டலம் தேவைக்கு மேல் துள்ளுகிறது, அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு" என்கிறார். கூட்டுவதா, அடக்குவதா? இரண்டும் எப்படி ஒரே குழந்தைக்குச் சரியாகும்? போதாக்குறைக்கு, இன்ஹேலர் பழக்கமாகிவிடும், பிள்ளை வளரமாட்டான் என்று மாமியார் தினமும் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டும்.

---

புழுதிக்காடு (தாராபுரம்)

மண்ணில் விளையாடாமல் டைல்ஸ் தரையில் வளர்ந்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் தலைமுறையில் மாட்டுக் கொட்டகையில்தான் தூங்கினோம். யாருக்கு இருந்தது வீசிங்?

---

ஓய்வாசிரியர் (மன்னார்குடி)

இருந்தது தம்பி. இழுப்பு, இளைப்பு என்று பெயர் வைத்திருந்தோம். என் வகுப்பிலேயே இரண்டு பையன்கள் மார்கழியில் பள்ளிக்கு வரமாட்டார்கள். ஒருவன் பிழைக்கவில்லை.

---

குருதியணு (புனே)

நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சி செய்பவன், மருத்துவன் அல்லன். எனவே மருந்து பற்றிச் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, உங்கள் மருத்துவர் சொன்னது சரி. மருந்துக் கடைக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அவர் விற்கும் டானிக்குக்கும் அந்தத் துளிக்கும் தொடர்பில்லை.

"எதிர்ப்புச் சக்தி" என்று ஒருமையில் பேசுவதால்தான் இத்தனை குழப்பமும். உடலில் அப்படி ஒரே அளவுகோலில் ஏறி இறங்கும் சக்தி எதுவும் கிடையாது. 1986-இல் டிம் மாஸ்மன், ராபர்ட் காஃப்மன் என்ற இருவர், எலிகளின் உதவி டி செல்கள் (மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவும் வெள்ளணுக்கள்) இரண்டு வகையாகப் பிரிந்து வெவ்வேறு வேதித் தூதுகளைச் சுரப்பதைக் கண்டார்கள். முதல் வகை, செல்லுக்குள் புகுந்து வாழும் கிருமிகளுக்கு எதிரானது. இரண்டாம் வகை, குடற்புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளை விரட்டுவதற்கானது. ஒன்று ஓங்கினால் மற்றது தாழும். ஒவ்வாமை ஆஸ்துமாவில் ஓங்கி நிற்பது இரண்டாவது. புழுவுக்கு எதிராகச் செய்ய வேண்டிய போரை, தலையணைத் தூசியில் வாழும் உண்ணியின் கழிவுக்கு எதிராக உங்கள் மகனின் மூச்சுக்குழாய் செய்துகொண்டிருக்கிறது.

நடப்பது இதுதான். தூசி உண்ணியின் கழிவில் இருக்கும் நொதிகள் மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கின்றன. அந்தத் தோல் செல்களே முதலில் அபாயச் செய்தி அனுப்புகின்றன. டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின் 33 என்பவை அந்தச் செய்திகளில் சில. இதைக் கேட்டு இரண்டாம் வகை டி செல்கள் இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கின்றன. 4-இன் தூண்டுதலில் ஐஜிஈ பெருகுகிறது. 5, எலும்பு மச்சையிலிருந்து ஈஸ்னோபில்களைக் கிளப்பிவிடுகிறது. 13 கோழையைப் பெருக்கி, மூச்சுக்குழாய்த் தசையைத் தொட்டாற்சுருங்கியாக்குகிறது. உங்கள் கையிலுள்ள ஆய்வகத் தாளில் இருக்கும் 720-ம் 840-ம் இந்தச் சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

இனி அந்தத் துளி உண்மை. பள்ளிக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா முற்றும்போது ஐந்தில் நான்கு முறை பின்னால் ஒரு வைரஸ் இருப்பதாக 1995-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. பெரும்பாலும் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ். 2005-இல் வேறொரு குழு, ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களை எடுத்து வளர்த்து, அதே வைரஸைச் செலுத்திப் பார்த்தது. ஆரோக்கியமானவர்களின் செல்கள், வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டாவை மளமளவென்று சுரந்தன. ஆஸ்துமாக்காரர்களின் செல்களோ சொற்பமாகவே சுரந்தன, வைரஸ் பெருகியது. ஆகவே ஒரே குழந்தையிடம் ஒவ்வாமைப் பிரிவு கூச்சலிடுகிறது, வைரஸ் தடுப்புப் பிரிவு தாமதமாக எழுகிறது. "சமநிலை குலைவு" என்பது இதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. ஐஜிஈயைக் கட்டிப்போடும் ஒமலிசுமாப் என்ற ஊசியை அமெரிக்காவின் நகர்ப்புறக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2011-இல் வெளிவந்தது. பள்ளி திறந்து சளி பரவும் இலையுதிர் காலத்தில் வழக்கமாக வரும் ஆஸ்துமா அலை அந்தக் குழந்தைகளிடம் பெருமளவு அடங்கிவிட்டது. ஒவ்வாமை மருந்து சளியால் வரும் இழுப்பை ஏன் தடுக்க வேண்டும்? இன்டர்ஃபெரான் சுரக்கும் சில செல்களின் மேல் ஐஜிஈ உட்கார்ந்து அவற்றை மந்தமாக்குகிறது; ஐஜிஈ விலகியதும் அவை விழித்துக்கொள்கின்றன. அடக்குவதா, கூட்டுவதா என்று கேட்டீர்கள். ஓங்கிய பிரிவை அடக்கினாலே தாழ்ந்த பிரிவு எழுகிறது.

நேரடியாக இன்டர்ஃபெரானையே மூச்சில் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த அந்தச் சோதனை, முதன்மையாக எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

---

மூலிகைத்தோட்டம் (கொல்லிமலை அடிவாரம்)

இத்தனை எண்களையும் எழுத்துகளையும் அடுக்கிவிட்டு, கடைசியில் ஸ்டீராய்டு என்றுதான் முடிப்பீர்கள். ஆடாதோடை இலையை மிளகோடு கொதிக்கவைத்துத் தேன் கலந்து கொடுங்கள். தூதுவளைத் துவையல் வாரம் இருமுறை. என் பேரனுக்கு அதிலேயே நின்றது. வேரைச் சரிசெய்யாமல் பஃப் அடிப்பது தற்காலிகம்.

---

நெஞ்சகம் (மதுரை, நுரையீரல் மருத்துவர்)

ஆடாதோடையை நான் குறைத்துப் பேசமாட்டேன் ஐயா. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி உருவானது. அந்த மருந்து இன்று எல்லாக் கடையிலும் இருமல் மருந்துப் புட்டிக்குள் இருக்கிறது. ஊமத்தையின் கதை இன்னும் சுவையானது. அதை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு தணியும் என்பது நம் ஊர் அறிவு. மதராசிலிருந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவரிடம் அதைக் கற்ற ராணுவ அதிகாரி, 1802-இல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினின் வழித்தோன்றல்தான் நாங்கள் நெபுலைசரில் வைக்கும் இப்ராட்ரோபியம். (யாரும் ஊமத்தையைத் தொட்டுவிடாதீர்கள். ஆளைக் கொல்லும்.)

ஆனால் இவை எதைச் செய்கின்றன என்று பாருங்கள். ஒன்று கோழையை இளக்குகிறது, மற்றது இறுகிய குழாயைத் தளர்த்துகிறது. குழாயின் உள்ளே இருக்கும் அழற்சியை இரண்டும் தொடுவதில்லை. வேரைச் சரிசெய்ய வேண்டும் என்கிறீர்களே, அந்த வேர் அழற்சிதான். அதைத் தினமும் அடக்கிவைப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு. "பஃப் தற்காலிகம்" என்ற உங்கள் குற்றச்சாட்டு இறுகிய குழாயை உடனே தளர்த்தும் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலருக்குப் பொருந்தும். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால், ஸ்டீராய்டு இல்லாமல் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019-இல் மாற்றி எழுதப்பட்டது. நீலம் உடனே சுகம் தரும். அந்தச் சுகத்தில் அழற்சி உள்ளே வளர்வது தெரியாது. நான் இழந்த நோயாளிகளில் பலர் பையில் நீல இன்ஹேலரோடு வந்தவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயரும் தயாரிப்பாளரும் இல்லாத "இளைப்புப் பொடி" பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை அகப்பட்டிருக்கிறது. அதுவும் முழு உடலுக்கும் போகும் ஸ்டீராய்டு. குழந்தையின் முகம் உப்பி வந்த பிறகுதான் எங்களிடம் கொண்டுவருகிறார்கள்.

---

மூலிகைத்தோட்டம்

பொட்டலப் பொடியைப் பற்றிச் சொன்னதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவரை அதனோடு சேர்க்காதீர்கள்.

---

நெஞ்சகம்

சேர்க்கவில்லை. இன்ஹேலரை நிறுத்தச் சொல்லாத சித்த மருத்துவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

---

ஓய்வாசிரியர்

எனக்கு ஒரு பழைய சந்தேகம். எங்கள் காலத்தில் யாருக்கு இழுப்பு வந்தாலும் "ஈஸ்னோபிலியா" என்றுதான் சொல்வார்கள். இப்போதும் கிராமத்தில் "எனக்கு ஈஸ்னோபிலியா இருக்கிறது" என்று சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள். அந்தச் சிறுவனுக்கு ஈஸ்னோபில் 720 என்றால் அதுவா இது?

---

நெஞ்சகம்

அருமையான கேள்வி. இது நம் மண்ணின் வரலாறு.

1940-இல், அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனபள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். காசநோய் என்று சேர்க்கப்பட்ட சிலருக்கு அந்த நோயே இல்லை. இருமல், இழுப்பு, எக்ஸ்ரேயில் நிழல், இரத்தத்தில் அளவுகடந்த ஈஸ்னோபில். 1943-இல் வைங்கார்டன் இதற்கு "வெப்பமண்டல ஈஸ்னோபிலியா" என்று பெயர் வைத்து, ஆர்செனிக் ஊசியால் குணமாவதாகவும் எழுதினார். காரணம் பின்னால்தான் விளங்கியது. யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் இரத்தத்தில் தங்காமல் நுரையீரலில் சிக்கி அழிக்கப்படுகின்றன. அந்த அழிப்பில் எதிர்ப்பு மண்டலம் காட்டும் மூர்க்கம்தான் நோய். புழுக்கொல்லியான டைஎதில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அடங்கும். எங்கள் பாடநூல் தரும் எல்லை, ஈஸ்னோபில் 3000-க்கு மேல்.

இந்த உண்மையான நோய் இப்போது அரிது. பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. ஆஸ்துமா என்று சொன்னால் பெண் கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் அதற்கு உரமிட்டது. 720 என்பது ஒவ்வாமை ஆஸ்துமாவில் சகஜமாகப் பார்க்கும் எண். ஆனாலும் ஈஸ்னோபில் மிக அதிகமாக இருக்கும் குழந்தைக்குக் குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

---

புழுதிக்காடு

பார்த்தீர்களா, புழு வந்துவிட்டது! நான் சொன்னதும் அதுதான். புழுவும் மண்ணும் இருந்தவரை எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலை இருந்தது. வேலை இல்லாமல் போனதும் சும்மா இருப்பவனைப் போல வம்புக்கு அலைகிறது. இதற்கு விஞ்ஞான ஆதாரமே இருக்கிறதாமே.

---

குருதியணு

இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு நேர்க்கோடு அன்று.

1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1958-இல் பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து, அண்ணன் அக்காள் அதிகம் இருக்கும் குழந்தைக்கு மகரந்தக் காய்ச்சல் குறைவு என்று காட்டினார். மூத்த பிள்ளைகள் கொண்டுவரும் தொற்று காப்பாற்றுகிறது என்பது அவர் ஊகம். அவர் பார்த்தது மூக்கு ஒவ்வாமையை. ஆஸ்துமாவை அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் கூர்மையான சான்று 2016-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு வேளாண் சமூகங்கள். இரண்டும் ஐரோப்பிய வழி வந்தவை, மரபணுவில் நெருக்கமானவை, இருவருமே வீட்டில் நாய் பூனை வளர்ப்பதில்லை, குடும்பங்களும் பெரியவை. ஆமிஷ் மக்கள் குதிரையால் உழுகிறார்கள், வீட்டை ஒட்டியே தொழுவம். ஹட்டரைட் மக்கள் இயந்திரப் பண்ணை நடத்துகிறார்கள், கொட்டகைகள் வீட்டிலிருந்து தொலைவில். பள்ளிக் குழந்தைகளில் ஆஸ்துமா ஆமிஷில் சுமார் 5 விழுக்காடு, ஹட்டரைட்டில் சுமார் 21 விழுக்காடு. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியா நச்சு ஏறக்குறைய ஏழு மடங்கு. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது எலிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. எலியின் பிறவி எதிர்ப்பு மண்டலத்தின் இரண்டு சமிக்ஞைப் புரதங்களை நீக்கியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

ஆக, தொழுவத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு கருவிலும் முதல் ஓரிரு ஆண்டிலும்தான் பெரிது. ஏழு வயதில், நோய் வந்த பிறகு, மாட்டுக் கொட்டகையில் தூங்கவைத்தால் இழுப்புதான் வரும். நம் ஊர்க் கிராமத்து வீட்டில் விறகடுப்புப் புகையும் சேர்ந்திருக்கிறது. அது எந்தச் சமநிலையையும் காப்பாற்றாது.

புழுவையும் சோதித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆஸ்துமாக்காரர்களின் தோல் வழியாகப் பத்துக் கொக்கிப்புழுக் குஞ்சுகளை ஏற்றிப் பார்த்தார்கள்; 2010-இல் முடிவு வந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அதற்குத் துணிந்து கை நீட்டியவர்களை நான் வணங்குகிறேன்.

---

டொராண்டோ யாழ் (கனடா)

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சிறுவயதில் இல்லாத ஆஸ்துமா முப்பத்தெட்டில் வந்தது. மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி) வேறு. ஆண்டுக்குப் பலமுறை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து எடுத்து, சர்க்கரையும் கண்புரையும் வந்து சேர்ந்தன. பிறகு மாதம் ஓர் ஊசியாக மெப்போலிசுமாப் தொடங்கினார்கள். மாத்திரையை விட்டாயிற்று. மாடி ஏறுகிறேன், பனியிலே நடக்கிறேன்.

ஒன்றுதான் விளங்கவில்லை. இந்த மருந்து 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே இருந்ததாம், அப்போது "வேலை செய்யவில்லை" என்று ஒதுக்கினார்களாம். இடையில் மருந்தை மாற்றினார்களா?

---

குருதியணு

மருந்து அதேதான் அண்ணா, முன்பு சொன்ன இன்டர்லூக்கின் 5-ஐக் கட்டிப்போடும் ஊசி. மாற்றியது ஆட்களை.

இந்தத் துறையில் எனக்குப் பாடமாக அமைந்த கதை இது, சற்று நீட்டிச் சொல்கிறேன். 2000-இல் முதல் சிறு சோதனை. ஊசி போட்டதும் ஈஸ்னோபில்கள் இரத்தத்திலிருந்து ஏறக்குறைய மறைந்தன. ஆனால் ஒவ்வாமைப் பொருளை முகரவைத்தபோது மூச்சுக்குழாய் முன்போலவே சுருங்கியது. "ஈஸ்னோபில் வெறும் பார்வையாளர்தான் போலிருக்கிறது" என்று பலர் முடிவுகட்டினார்கள். 2007-இல் முன்னூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையும் கைவிட்டது.

2009-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலும், உங்களுக்குப் பக்கத்து ஊரான ஹாமில்டனிலும் இரண்டு சிறு குழுக்கள் வேறு விதமாகக் கேட்டன. ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் ஈஸ்னோபில் குறையாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். மூச்சளவைப் பார்க்காமல், எத்தனை முறை நோய் முற்றுகிறது என்று எண்ணினார்கள். லெஸ்டரில் 61 பேர். போலி ஊசி பெற்றவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 3.4 முற்றல்கள், மருந்து ஊசி பெற்றவர்களுக்கு 2. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி.

ஆஸ்துமா ஒரே நோய் அன்று என்பதைப் பலர் அப்போதுதான் உண்மையாக நம்பினார்கள். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்ததில், பயன்பெற வேண்டியவர்கள் பயன்பெறாதவர்களின் நடுவே காணாமல் போயிருந்தார்கள். எதிர்ப்புறத்திலும் இதே பாடம். ஈஸ்னோபில் குறைவாக, நியூட்ரோபில் என்ற வேறொரு வெள்ளணு மிகுந்த ஒரு வகை உண்டு. அதில் இன்டர்லூக்கின் 17-இன் கை இருப்பதாக நம்பி புரோடாலுமாப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். 2013-இல் தோல்வி. அந்த வகைக்கு இன்றுவரை நல்ல இலக்கு மருந்து அமையவில்லை. ஸ்டீராய்டும் அங்கே அரைகுறையாகவே கேட்கிறது. 2021-இல் அனுமதி பெற்ற டெசெபெலுமாப், சங்கிலியின் தலையிலுள்ள டிஎஸ்எல்பியையே பிடிப்பதால் ஈஸ்னோபில் குறைந்தவர்களுக்கும் ஓரளவு உதவுகிறது.

---

ஓய்வாசிரியர்

புரிந்ததா என்று சரிபார்க்கிறேன். வகுப்பில் யாரோ விசிலடித்தால் எல்லாரையும் பெஞ்சு மேல் ஏற்றுவது ஸ்டீராய்டு. அடித்தவனை மட்டும் காதைப் பிடித்து வெளியே அனுப்புவது இந்த ஊசிகள். சரியா?

---

குருதியணு

மதிப்பெண் பத்துக்குப் பத்து ஐயா.

---

கணக்குப்பிள்ளை (சென்னை)

காதைப் பிடிக்க என்ன செலவாகும் என்று யாரும் சொல்லவில்லையே. கனடாவில் காப்பீடு கொடுக்கும். இங்கே அந்த ஊசியின் விலையில் ஒரு நடுத்தரக் குடும்பம் மாதம் முழுவதும் வாழும். ஆராய்ச்சிக் கதை இனிக்கிறது. இந்தியாவில் இதனால் யாருக்குப் பயன்?

---

டொராண்டோ யாழ்

உங்கள் கோபம் நியாயமானது. இங்கேயும் காப்பீட்டு நிறுவனம் கையெழுத்திட மாதக்கணக்கில் இழுத்தது. ஆனால் என் மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்தில் சாதாரண இன்ஹேலரோடு நன்றாகவே இருக்கிறான். எல்லாருக்கும் ஊசி தேவைப்படுவதில்லை.

---

நெஞ்சகம்

கணக்குப்பிள்ளை கேட்டதுதான் இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி. என் பதில் அவருக்கு வியப்பாக இருக்கலாம்.

2019-க்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா. உலக நோயாளிகளில் இது 13 விழுக்காடு. ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல். இந்த இடைவெளிக்குக் காரணம் புதிய ஊசிகள் எட்டாதது அன்று. 1970-களிலிருந்தே உலகில் இருக்கும், இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ள உறிஞ்சும் ஸ்டீராய்டை மக்கள் எடுப்பதில்லை. எழுதித் தரவேண்டிய நாங்களும் போதுமான அளவு எழுதித் தருவதில்லை. மாத்திரையும் ஊசியும் "வலிமையான" மருந்து, பஃப் "கடைசிக் கட்டம்" என்று மக்கள் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. குழந்தைக்கு ஒருநாள் இன்ஹேலரில் போவது 200 மைக்ரோகிராம் என்றால், பெரியவர் ஒருவர் ஒருநாள் விழுங்கும் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் 40,000 மைக்ரோகிராம். வேறு வேறு மருந்துகள்தான், நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் எது உடல் முழுவதும் பாய்கிறது என்று புரியும்.

ஊசிகள் கடும் ஆஸ்துமா உள்ள சிறு பங்கினருக்கு. அவர்களிலும் பலர், இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சக் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். விலை குறைய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. 2024-இல் வந்த பிரிட்டிஷ் சோதனை ஒன்றைப் பாருங்கள்: ஈஸ்னோபில் மிகுந்தவர்களுக்கு நோய் முற்றிய நேரத்திலேயே ஈஸ்னோபில்களை அழிக்கும் பென்ரலிசுமாப் ஊசி ஒரே ஒன்று. ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை தோற்றது. ஊசி பெற்றவர்களில் 45. வாழ்நாள் முழுவதும் போடாமல், வேண்டும்போது ஒன்று என்ற முறை நிலைபெற்றால் நம் போன்ற நாட்டுக்கு அது வேறு கணக்காகும்.

---

கணக்குப்பிள்ளை

நன்றி. முதல் முறையாக ஒரு மருத்துவர் பழைய மருந்துக்காகப் பரிந்து பேசிக் கேட்கிறேன்.

---

பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. ஓர் அலர்ஜி நிலையத்தில் இரத்தம் எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்குச் சோதித்து, கத்தரிக்காய், பருப்பு, பால், மீன், வாழைப்பழம் எல்லாம் கூடாது என்று அச்சிட்ட தாள் தந்தார்கள். பையன் இளைத்துவிட்டான். இழுப்பு குறையவில்லை. அடுத்ததாக "எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்கும் ஊசி" போடலாம் என்கிறார்கள். போடலாமா?

---

நெஞ்சகம்

முதலில் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சாப்பாடு போடுங்கள் அம்மா. ஐஜிஈ பொதுவாகவே உயர்ந்த குழந்தைக்கு ஏராளமான பொருள்களுக்குச் சோதனை "ஆம்" என்று காட்டும். காட்டுவது வேறு, அந்தப் பொருளால் நோய் வருவது வேறு. கத்தரிக்காய் தின்ற அன்றெல்லாம் உங்கள் கண்முன்னே இழுப்பு வந்திருந்தால் மட்டுமே அதை நிறுத்துவதில் பொருள் உண்டு. சாப்பிட்டதும் தடிப்பு, வாந்தி, முகவீக்கம் என்று எதற்காவது முன்பு வந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் என்னைப் போன்றவரிடம் காட்டிய பிறகு தொடுங்கள்.

பழக்கும் ஊசி பழைய, மதிப்பான யோசனை. 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஏற்றித் தொடங்கினார். சரியான ஆளுக்கு, தூசி உண்ணி போன்ற ஒரு தெளிவான எதிரிக்கு, தரப்படுத்திய சாற்றோடு, மூன்று ஆண்டு கொடுத்தால் பயன் உண்டு. நாக்கின் அடியில் வைக்கும் உண்ணி மாத்திரைக்கும் 2016-இல் நல்ல சான்று வந்தது, அது பெரியவர்களிடம். ஆனால் இழுப்பு கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு இந்த ஊசி ஆபத்து. மரணங்கள் நேர்ந்ததால் 1986-இல் பிரிட்டன் இதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. முதலில் இன்ஹேலரால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு, ஊசி போட்ட அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்கும், அட்ரினலின் கையிலிருக்கும் இடமாகப் பாருங்கள். ஒரே புட்டியில் இருபது பொருள்களைக் கலந்து தருபவரிடம் போகவே வேண்டாம்.

---

குருதியணு

ஊசி எப்படிப் பழக்குகிறது என்பதைச் சேர்த்துவிடுகிறேன். டி செல்களில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு: மற்றவற்றை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 1995-இல் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார். இவற்றை ஆளும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001-இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டார்கள். மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு. இந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குத் தன் உடலையே தாக்கும் நோய்களோடு கடும் தோல் அழற்சியும் உச்ச ஐஜிஈயும் வருகின்றன. அடக்குவோர் இல்லாவிட்டால் ஒவ்வாமை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அதுவே சாட்சி. பழக்கும் ஊசி, உண்ணிச் சாற்றைக் கண்டால் அமைதி காக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களைப் பெருக்குகிறது. ஐஜிஈக்குப் போட்டியாக ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருளையும் வளர்க்கிறது. ஊசியை நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் பலன் நீடிப்பது இதனால்தான். மற்ற எந்த ஆஸ்துமா மருந்துக்கும் அந்தப் பெருமை கிடையாது. ஒமலிசுமாப், மெப்போலிசுமாப் போன்ற உயிரியல் ஊசிகள்கூட, நிறுத்தினால் பலருக்குப் பழைய நிலைக்கே திரும்புகின்றன.

---

புழுதிக்காடு

தொழுவத் தூசியை மாத்திரையாக்கிக் கருவுற்ற தாய்க்குக் கொடுத்தால் தீர்ந்தது என்று சொல்லுங்கள்.

---

குருதியணு

சிரிக்காதீர்கள், அந்தத் திசையில் பாக்டீரியாத் துகள்களை வைத்து உண்மையாகவே வேலை நடக்கிறது. இன்னும் சந்தைக்கு வரும் நிலையில் இல்லை.

---

பொருநைக்கரை

கடைசியாக, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறார்: வளர்த்தி நிற்குமா? எத்தனை நாள் எடுக்க வேண்டும்?

---

நெஞ்சகம்

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பயத்தில் ஒரு சிறு உண்மை உண்டு. அதை அளந்தே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆய்வில் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு தினம் 400 மைக்ரோகிராம் புடிசோனைடு வீதம் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கொடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். 2012-இல் வந்த முடிவு: இறுதி உயரத்தில் சராசரி 1.2 சென்டிமீட்டர் குறைவு. அவ்வளவுதான். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவும், அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் குழந்தையின் வளர்ச்சியைத் தம் பங்குக்குப் பிடித்து வைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழக்கமாகாது. மூன்று மாதம் இரவு இருமல் இல்லாமல், விளையாட்டில் இழுப்பு இல்லாமல் இருந்தால் அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரே பார்ப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், பையன் எப்படி உறிஞ்சுகிறான் என்று அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள்.